படிக்காமல் அமுக்குகிறவர்கள்

அந்த அலுவலகத்துக்குள் நுழைகிறவன் கண்ணில் முதலில் படுவது முதலாளி அல்ல, அவருடைய டிவி. ஒரு கட்டிலைத் தூக்கி நிறுத்தின அளவு. வாசலுக்கு நேரெதிரே, சுவரை அடைத்துக்கொண்டு. பகல் முழுக்க அதில் வாழ்த்துகள் கீழிருந்து மேலே ஊர்ந்துகொண்டிருக்கும். 'இப்படி ஒரு கவனிப்பை எங்கேயும் பார்த்ததில்லை.' 'ஐந்து நட்சத்திரம் போதாது.' பாராட்டுச் சுவர் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார். முகத்துக்கு நேரே புகழ ஆள் கிடைக்காதவன் சுவரைப் புகழ வைத்துக்கொள்கிறான், அவ்வளவுதான் என்று நினைப்பாள் தொல்லை.

தொல்லை என்பது அவள் பார்த்த வேலைக்காகக் கிடைத்த பெயர். மற்றவர்கள் எழுதுகிற கம்ப்யூட்டர் நிரல் எங்கே உடையும், எங்கே ஒழுகும் என்று தட்டிப் பார்ப்பது அவள் வேலை. தட்டிப் பார்க்கச் சொல்லிச் சம்பளமும் கொடுப்பார்கள், தட்டினால் 'வந்துட்டாடா தொல்லை' என்று முகத்தையும் சுளிப்பார்கள். முதல் மாதம் அவளுக்குக் கோபம் வந்தது. பிறகு அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் 'ம்' என்று திரும்பப் பழகிக்கொண்டாள். இந்தக் கூட்டத்தில் நல்ல பெயர் எடுப்பதைவிட அது கௌரவம் என்று தோன்றிவிட்டது.

நிறுவனம் விற்றது ஒரே ஒரு சரக்கு. கடை வைத்திருப்பவர்கள் தங்கள் வலைத்தளத்தில் செருகிக்கொள்கிற ஒரு துண்டு நிரல். பிளகின் என்பார்கள். செருகினால் பக்கத்தின் அடியில் ஒரு பெட்டி முளைக்கும். வந்துபோகிறவர்கள் அதில் தங்கள் கருத்தை எழுதலாம். பல் மருத்துவர், சாவி செய்கிறவர், தையற்கடைக்காரி என்று சின்னச் சின்ன ஆட்கள்தான் வாங்கியிருந்தார்கள். அவள் தம்பியும் வாங்கியிருந்தான். அவனுக்கு வீடு மாற்றிக் கொடுக்கிற தொழில். ஒரு வண்டி, இரண்டு ஆள், தோள். எல்லாக் கடைகளிலும், நிறுவனத்தின் சொந்தப் பக்கத்திலும் எழுதப்படுகிற பாராட்டுகள் ஒரு நகல் எடுக்கப்பட்டு, அலுவலகச் சுவருக்கு வந்து சேரும்.

அந்தப் பெட்டியிலும் சுவரிலும், எழுதியதைக் காட்டுகிற இடத்தில் ஒரு வடிகட்டி இருந்தது. ஒரே வரி. கருத்து என்ற பெயரில் எவனாவது கட்டளை எழுதினால், அதன் பல்லைப் பிடுங்கி வெறும் எழுத்தாக மாற்றிவிடும். அது இல்லாவிட்டால் பக்கத்தைத் திறக்கிற கம்ப்யூட்டருக்கு வித்தியாசம் தெரியாது. எழுத்து வந்தால் காட்டும், கட்டளை வந்தால் கைகட்டிச் செய்யும்.

வடிகட்டி போன கதை கேவலமான கதை. முதலாளியின் மச்சினி எங்கேயோ அழகாகச் சிவப்பு எழுத்தில் வாழ்த்துத் தயாரித்து, அப்படியே கொண்டுவந்து நிறுவனப் பக்கத்தின் பெட்டியில் ஒட்டினாள். வடிகட்டி தன் வேலையைச் செய்தது. சிவப்பெல்லாம் போய், கோணல் அடைப்புக்குறிகளும் நிறத்தின் எண்ணுமாகச் சுவரில் வந்து நின்றது.

"என்னய்யா இது, கோழி கிளறின மாதிரி இருக்கு?" என்று கத்தினார் முதலாளி. "வீட்டுல எனக்கு மரியாதை வேணாமா? சிவப்பா வரணும். ஓரத்துல இதயம் துடிக்கணும். இன்னைக்கே."

விஞ்ஞானி உடனே எழுந்தான். பிளகினை எழுதியவன் அவன். விஞ்ஞானி என்ற பட்டம் முதலாளி கொடுத்தது. எங்கிருந்தோ எடுத்து ஒட்டுவான். ஒட்டினது ஓடினால் கண்டுபிடிப்பு, ஓடாவிட்டால் கம்ப்யூட்டர் சரியில்லை. இதயம் ஏன் துடிக்கவில்லை என்று பார்த்தான். வடிகட்டிதான் தடுக்கிறது என்று தெரிந்தது. எடுத்துப் போட்டான். இதயம் துடித்தது. மச்சினி வந்து பார்த்துவிட்டுப் போனாள். முதலாளி அவன் தோளில் தட்டினார்.

முதலில் சுவரில் மட்டும்தான் எடுத்தான். வார முடிவில் எல்லாக் கடைகளுக்கும் புதிய பதிப்பாக அனுப்புவதாக இருந்தது. அதைக் கேட்டதும்தான் தொல்லை முதலாளியின் அறைக்குப் போனாள்.

"சார், இதுக்குப் பேரு கிராஸ் சைட் ஸ்கிரிப்டிங். எவனோ எழுதினது நம்ம பக்கத்துல நம்ம பேர்ல ஓடும். கடைக்காரரோட போன் நம்பரையே மாத்திக் காட்டலாம்."

"பேரெல்லாம் நல்லாத்தான் வெச்சிருக்காங்க" என்றார் முதலாளி. "ஏம்மா, பாராட்டு எழுத வர்றவன் எதுக்குக் கட்டளை எழுதப்போறான்? அவனுக்கு வேற வேலை இல்லையா?"

"திருடனுக்கு அதுதான் சார் வேலை."

"பெரிய பெரிய கம்பெனிகள்லயே இந்த ஓட்டை இருக்கு சார்" என்றான் விஞ்ஞானி, கதவுப் பக்கம் சாய்ந்துகொண்டு.

முதலாளியின் முகம் பூரித்துப் போனது. "பாத்தியா? பெரிய கம்பெனிக்கு இருக்கறது நமக்கும் இருக்கு!"

தலையில் அடித்துக்கொள்ளலாம், அதற்கும் தனக்குத்தான் வலிக்கும் என்று நினைத்துக்கொண்டாள் தொல்லை.

"அதோட இன்னொண்ணு சார். சுவர் உங்க கணக்குலதான் எப்பவும் திறந்து கிடக்கு. அதுல ஒரு கட்டளை ஓடினா நீங்களே செஞ்ச மாதிரி. எல்லாக் கடைக்கும் எதை வேணா அனுப்பலாம்."

அது உண்மை. சுவரில் எவனாவது திட்டி எழுதியது வந்துவிட்டால், விருந்தாளி கண்ணில் படுவதற்குள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அழித்துவிட வேண்டும் முதலாளிக்கு. அதற்காக எல்லா அதிகாரமும் உள்ள தன் கணக்கை அந்த டிவியில் திறந்தே வைத்திருந்தார். கீபோர்டு அவர் மடியில் பூனைக்குட்டி மாதிரி கிடக்கும். புகழ் ஓடுகிற குழாயும் கஜானாவின் பூட்டும் ஒரே இடத்தில். உலகத்தில் எந்த மடையனும் இப்படிச் செய்யமாட்டான் என்று சொல்ல முடியாது, இவர் செய்திருந்தார்.

"உனக்கு எதைப் பாத்தாலும் ஓட்டை" என்றார். "போய்க் கொஞ்சம் நல்லதையும் பாரும்மா."

சரி, கண்ணால் காட்டினால்தான் ஏறும் என்று முடிவு செய்தாள். மறுநாள் காலையில், சோதனைக்காக வைத்திருந்த இல்லாத கடை ஒன்றின் பெட்டியில் ஒரு பாராட்டு எழுதினாள். அதற்குள் ஒரு சின்னக் கட்டளை. யாருக்கும் கெடுதல் செய்யாத கட்டளை. திரைக்கு நடுவில் ஒரு பெட்டி குதித்து வரும், அதில் எழுதியிருப்பதைக் காட்டும், 'சரி' என்பதை அமுக்கும்வரை நகராது. எழுதியது இதுதான்: 'இது பாராட்டு அல்ல, கட்டளை. உங்கள் கணக்கு இப்போது என் கையில். நான் ஆபீஸ் ஆள் என்பதால் தப்பித்தீர்கள். வடிகட்டியைத் திரும்பப் போடுங்கள்.'

முதலாளி தனியாக வருவார், பார்ப்பார், முகம் வெளுக்கும் என்று கணக்குப் போட்டிருந்தாள். அவர் தனியாக வரவில்லை. ஊரெல்லாம் செருப்புக்கடை திறந்து வைத்திருக்கிற ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். கூடவே அந்தச் செருப்புக்கடைக்காரரின் மருமகன். மாமனாரின் போனையும் கண்ணாடியையும் சுமப்பதற்காகவே பெண் கட்டிக்கொண்டவன் போலிருந்தான்.

அவர்கள் வாசலில் கால் வைத்த நேரம் பெட்டி குதித்தது.

ஊர்ந்துகொண்டிருந்த வாழ்த்துகள் அப்படியே நின்றன. முதலாளிக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. தொல்லை தன் இடத்திலிருந்து எழுந்தாள்.

"என்னங்க இது, நடுவுல வந்து நிக்குது?" என்றார் செருப்புக்கடைக்காரர்.

"அது வந்து…" என்று இழுத்தார் முதலாளி.

"மாமா, இதை அமுக்கினாத்தான் மத்தது நகரும் போலிருக்கு" என்றான் மருமகன்.

"அப்படியா?" அவர் கண்ணாடியைக்கூட வாங்கிப் போட்டுக்கொள்ளவில்லை. "அப்ப நம்ம தள்ளுபடி விளம்பரம் இப்படி வந்து நின்னா? எவன் தப்பிப்பான்? வழி மறிக்குதே ஐயா, ரவுடி மாதிரி!"

முதலாளிக்கு நாக்கு திரும்ப வந்தது. "அதுக்குத்தான் சார் செஞ்சிருக்கோம். குதிக்கும் பெட்டி. இந்தத் தடவை புதுசு."

"இது எல்லாக் கடை பக்கத்துலயும் வரணும். இது இருந்தாத்தான் எனக்கு வேணும்."

"வந்துடும் சார். இன்னைக்கே அனுப்பறோம்." கீபோர்டை எடுத்து 'சரி' என்பதை அமுக்கினார். பெட்டி போனது. வாழ்த்துகள் மறுபடி ஊர ஆரம்பித்தன.

நாலு வாக்கியம். பெரிய எழுத்து. மூன்று பேர் அதற்கு எதிரில் நின்றார்கள். ஒருவன்கூடப் படிக்கவில்லை.

"சார், அதுல என்ன எழுதியிருந்ததுன்னு பாத்தீங்களா?" என்றாள்.

"எங்க டெஸ்டர்" என்று முதலாளி அவளைக் காட்டிச் சிரித்தார். "இவ கண்டுபிடிச்சதுதான். கூச்சம். கண்ணு, விஞ்ஞானிகிட்ட சொல்லி எல்லாத்தையும் ரெடி பண்ணி வைக்கச் சொல்லு. நாங்க சாப்பிட்டு வர்றோம். வந்ததும் ஒரே அமுக்கு."

வார முடிவு வரை இருந்த அவகாசம் மத்தியானம் வரை என்று சுருங்கிப்போனது. சுருக்கியவள் அவளேதான். முட்டாள்களை மிரட்டப் போனால் இப்படித்தான், பயப்படவாவது கொஞ்சம் மூளை வேண்டாமா என்று பொருமினாள். பிறகு தன்மேலேயே எரிச்சல் வந்தது. இவர்களைக் கரைத்துக் குடித்தவள் மாதிரி நினைத்துக்கொண்டு, படிப்பார்கள் என்று நம்பினவள் யார்?

தம்பி அன்றைக்குப் பக்கத்திலேயே ஒரு வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தான். போனாள். குறுகலான மாடிப்படி. மேல் படியில் ஒரு ஆள், கீழ்ப் படியில் தம்பி, நடுவில் ஒரு இரும்பு பீரோ. அதன் முழுக் கனமும் அவன் தோளில். பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது.

"தள்ளி நில்லுக்கா, விழுந்தா நீ பப்படம்."

"உன் பக்கத்துல இருக்கிற அந்தக் கருத்துப் பெட்டியை எடுத்துடுடா. இன்னைக்கே."

"எதுக்கு?"

சொன்னாள். எவனாவது ஒருவன் பாராட்டு எழுதுகிற மாதிரி எழுதி, இவன் போன் நம்பர் இருக்கிற இடத்தில் தன் நம்பரைக் காட்டவைக்கலாம். வீடு மாற்ற வேண்டியவர்கள் அந்த நம்பருக்குக் கூப்பிடுவார்கள். இவன் பேரைச் சொல்லி ஒரு வண்டி வரும். வீட்டுச் சாமான் மொத்தத்தையும் ஏற்றிக்கொண்டு போகும். போனது போனதுதான். போலீஸ் வந்து நிற்பது இவன் வாசலில். வார முடிவில் போக வேண்டியது, காலையில் தான் மிரட்டப்போனதால் இன்றைக்கே போகிறது என்பதையும் சொன்னாள்.

அவன் பீரோவைக் கடைசிப் படியில் இறக்கி வைத்தான். மூச்சு வாங்கினான்.

"பெட்டியை எடுத்துட்டா, புதுசா கூப்பிடறவன் எதைப் பாத்து என்னை நம்புவான்? என் மூஞ்சியைப் பாத்தா?"

"உன் மூஞ்சியைப் பாத்து நம்ப மாட்டான்தான்."

"பின்னே? அதுல எழுதியிருக்கிறவங்க பூரா என் தோளைப் பாத்தவங்க. ஒரு கண்ணாடி கீறாம இறக்கிக் குடுத்ததுக்கு எழுதினது. எடுக்கமாட்டேன்."

"அப்ப திருடு போகட்டும்."

"உங்க ஆபீஸ்ல ஓட்டை போட்டுட்டு என் கடையை மூடச் சொல்றியே, இது என்ன நியாயம்? வார முடிவுலதானே அனுப்பறதா இருந்துச்சு?"

"ஆமா."

"இன்னைக்கே அனுப்ப வெச்சது யாரு?"

"நான்தான்."

"நல்லா மிரட்டினே போ" என்றான். கயிற்றை இழுத்துக் கட்டினான். "போய் அதை அடைக்கற வழியைப் பாரு. எனக்கு இன்னும் கட்டில் இறக்கணும்."

அலுவலகத்துக்குத் திரும்பினபோது பாதி நாற்காலி காலி. விஞ்ஞானி எல்லாவற்றையும் தயார் செய்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருந்தான். அவளுடைய சோதனைக் கட்டளையை அப்படியே எடுத்து, 'குதிக்கும் பெட்டி' என்று பெயர் கொடுத்து ஒட்டியிருந்தான். உள்ளே எழுதியிருந்ததைக்கூட மாற்றவில்லை. இது போயிருந்தால் ஊரிலுள்ள அத்தனை கடையிலும் 'உங்கள் கணக்கு இப்போது என் கையில்' என்று வந்து நின்றிருக்கும். வாங்குகிறவர்கள் அதையும் 'சரி' என்று அமுக்கியிருப்பார்கள்.

அதைப் பிடுங்கி எறிந்தாள். வடிகட்டி வரியைத் திரும்பப் போட்டாள். ஒருமுறைக்கு இரண்டுமுறை தட்டிப் பார்த்தாள். நிரலில் கைவைக்க எல்லோருக்கும் அனுமதி உண்டு, கடைகளுக்கு அனுப்பத்தான் முதலாளியின் கணக்கு வேண்டும். முதலாளியின் கணக்கு சுவரில் விரியத் திறந்து கிடந்தது.

ஒவ்வொரு பதிப்போடும் என்ன மாறியது என்று ஒரு குறிப்பு கடைக்காரர்களுக்குப் போகும். இந்தத் தொழிலில் அது வழக்கம். விஞ்ஞானி எப்போதும் 'சிறு மேம்பாடுகள்' என்று எழுதுவான். வீட்டைக் கொளுத்திவிட்டு வந்தாலும் சிறு மேம்பாடுகள் என்றுதான் எழுதுவான். தொல்லை அதை அழித்துவிட்டு எழுதினாள்: 'எங்கள் அலுவலகச் சுவரில் அழகுக்காக ஒரு வடிகட்டியை எடுத்திருந்தோம். அதனால் யார் வேண்டுமானாலும் உள்ளே புகுந்திருக்கலாம். உங்கள் கடைக்கும் அது வரவிருந்தது. தடுத்துவிட்டோம். வடிகட்டியை இனி எடுக்கமாட்டோம்.' அடியில், எப்போதும்போல், முதலாளியின் பெயர் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது.

எழுந்துபோய் முதலாளியின் நாற்காலியில் உட்கார்ந்தாள். பட்டப்பகல். அலுவலகத்தில் இருந்த அத்தனை பேரும் போனில் மூழ்கியிருந்தார்கள். கீபோர்டை மடியில் வைத்து அமுக்கினாள். போய்விட்டது. ஒரு தலைகூட நிமிரவில்லை.

முதலாளி பல் குத்திக்கொண்டே வந்தார். செருப்புக்கடைக்காரர் சாயங்காலம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பின்னாலேயே விஞ்ஞானி.

"அமுக்கிடலாமா?"

"அமுக்கியாச்சு" என்றாள் தொல்லை. "வடிகட்டி போட்டு அனுப்பியாச்சு. குதிக்கிற பெட்டி இல்ல."

"யாரைக் கேட்டு?"

"யாரையும் கேக்கல. உங்க நாற்காலியில உக்காந்தேன், அமுக்கினேன். எவன் வேணா அமுக்கலாம் சார். அதைத்தான் இத்தனை நாளா சொல்லிட்டிருந்தேன்."

முதலாளி விஞ்ஞானியைப் பார்த்தார். "மாத்துடா திரும்ப."

விஞ்ஞானி உட்கார்ந்தான், குறிப்பைப் பார்த்தான், அவன் முகம் கோணியது. "சார், எல்லாக் கடைக்கும் நீங்க எழுதின மாதிரி போயிருக்கு. இனி எடுக்கமாட்டோம்னு."

முதலாளி குனிந்து படித்தார். உதடு அசைய, எழுத்தெழுத்தாக. அவர் ஒரு குறிப்பை முழுக்கப் படித்தது அதுதான் முதல் தடவை. ரத்தம் தலைக்கு ஏறுவது காதில் தெரிந்தது. "என் பேர்ல… என் பேர்ல என்னையே…"

அந்த நேரம் பார்த்துச் சுவரில் புதிதாக ஒன்று வந்தது. பூட்டு, சாவி செய்கிற கடைக்காரர் எழுதியிருந்தார். அத்தனை கடைக்காரர்களில் குறிப்பைப் படித்தவர் அவர் ஒருவர்தான் போலிருக்கிறது. 'ஓட்டையை மூடி மறைக்காமல் நேராகச் சொன்ன ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். இவரை நம்பலாம்.' சிவப்பும் இல்லை, இதயமும் இல்லை. வெறும் எழுத்து.

முதலாளி அதைப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். காதிலிருந்த சிவப்பு இறங்கியது. நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

"சார், மாத்தட்டுமா?" என்றான் விஞ்ஞானி.

"இருடா அவசரக்குடுக்கை." தொண்டையைச் செருமிக்கொண்டார். "மாத்த வேணாம். நான் சொன்னா சொன்னதுதான்."

"செருப்புக்கடைக்காரர் பெட்டி கேட்டாரே?"

"நேர்மைன்னு சொல்லி வித்துக்கலாம். அதுவும் ஒரு வசதிதானே? இதைக் கொஞ்ச நேரம் மேலேயே நிறுத்தி வை." பிறகு தொல்லையின் பக்கம் திரும்பினார். "நீ நாளைலேருந்து வர வேணாம். என் நாற்காலியில உக்காந்திருக்கே."

"சரி சார்."

"நான் வருத்தப்பட்டுச் சொல்றேன்னு நினைக்காதே."

"நினைக்கல சார். அந்தக் கணக்கையாவது மூடி வைங்க."

அவர் காதில் விழவில்லை. சாவிக்கடைக்காரர் எழுதியதை போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். மச்சினிக்கு அனுப்புவார்.

பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். மனதில் பாரமும் இல்லை, பெருமையும் இல்லை. ஒரு புகழ்மொழிக்காக முதலாளி ஓட்டையைத் திறந்தான், இன்னொரு புகழ்மொழிக்காக மூடினான். நடுவில் இவள் சொன்ன நியாயம் ஒன்றுகூட அவன் மண்டைக்குள் போகவில்லை. நாளைக்கு எவளாவது பச்சை எழுத்தில் வாழ்த்தினால் மறுபடி திறந்தாலும் திறப்பான். ஆனால் இனி திறந்தால் அவன் பேர் போட்டுக் கொடுத்த வாக்கு அவன் குரல்வளையைப் பிடிக்கும். அந்தச் சாவிக்கடைக்காரர் சும்மா விடுகிற ஆளாகத் தெரியவில்லை.

தம்பியின் வண்டி அதே வீட்டு வாசலில் நின்றது. பாதி நிறைந்திருந்தது. கூட வந்த ஆள் தண்ணீர் குடிக்கப் போயிருந்தான். தம்பி மட்டும் ஒரு பெரிய மரக்கட்டிலின் தலைமாட்டுப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"என்னக்கா?"

"அடைச்சாச்சு. உன் பெட்டி அப்படியே இருக்கும். பயப்படாதே."

"நீ ஏன் பையோட நிக்கறே?"

"வேலை போச்சு."

"அந்த ஆளை நாலு வார்த்தை கேக்கட்டுமா?"

"கேட்டா அதையும் சுவர்ல போட்டுக்குவான்."

தம்பி உரக்கச் சிரித்தான். சிரித்ததில் கட்டில் ஆடியது.

"சும்மா நிக்காதே" என்றான். "பையை வண்டில வெச்சுட்டு அந்த முனையைப் பிடி. குனியாதே, முட்டியை மடக்கு. தூக்கறதுக்கு முன்னாடி சொல்லு."

அவள் பையை வைத்தாள். கால்மாட்டுப் பக்கம் போய்ச் சட்டத்தைப் பிடித்தாள். நல்ல கனம்.

"தூக்கறேன்" என்றாள்.